இருதயத்தின் வாசற்காவல்

ஜொகூர் பாரு,
22 பெப்ரவரி 1920

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சந்தியாகு எழுதிக்கொள்வது.

நான் சுகம். தங்கள் சுகத்துக்குத் தினமும் மன்றாடுகிறேன். இங்கே அரிசிக்குச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். கோவில் வளவில் இருந்த பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறோம். சாஆ பக்கத்துத் தோட்டங்களில் நிலைமை இதைவிட மோசம் என்று கேள்வி. உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு வருகிறார்களா?

ஒரு நல்ல செய்தி. இந்தத் தபசு காலத்தில் ஞாயிறுதோறும் மாலைச் செபம் முடிந்ததும் என்னைப் பிரசங்கம் செய்யச் சொல்லியிருக்கிறார் சுவாமியார். உபதேசியார் ஒருவருக்கு இப்படி இடம் கொடுப்பது இங்கே இதுதான் முதல் தடவை. பிரசங்கப் பொருளும் அவரே கொடுத்தார்: ஆதிக் கிறிஸ்தவர்கள் இருதயம் என்று எதைச் சொன்னார்கள்?

நாம் இருதயம் என்றதும் பாசத்தையும் துக்கத்தையும் நினைக்கிறோம். அவர்களுக்கு அது அவ்வளவு சிறிய அறை இல்லை அக்காள். யோசிப்பது, ஞாபகம் வைப்பது, தீர்மானிப்பது, சர்வேசுரனுக்குச் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்வது, எல்லாம் அங்கேதான் நடக்கிறது என்றார்கள். எகிப்து தேசத்து வனவாசிகள் அதன் வாசலில் காவல்காரனைப் போல உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணத்தையும் நிறுத்தி, நீ யார், உன்னை அனுப்பியது யார் என்று விசாரிப்பார்களாம்.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. உள்ளே வந்த எண்ணங்களைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுவார்கள். இது பாவசங்கீர்த்தனம் ஆகாது. பாவமா இல்லையா என்று தெரியாத எண்ணத்தையும் சொல்வது. கேட்டவர் அதைத் தன்னோடு கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். மறைத்து வைத்த எண்ணம்தான் மனிதனைத் தின்னும் என்பது அவர்கள் அனுபவம்.

இதை வாசித்தபோது உங்களை நினைத்தேன். மச்சான் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மனைவியாக அந்தத் தோட்டத்துக்குப் போனீர்கள், இப்போது டீச்சரம்மாவாகத் தனியே இருக்கிறீர்கள். சுவாமியார் வருஷத்துக்கு இரண்டு முறைதான் அந்தப் பக்கம் வருகிறார். எனக்கும் இங்கே மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. நாம் இருவரும் அந்த வழக்கத்தை மேற்கொண்டால் என்ன? மாதம் ஒரு கடிதம். இருதயத்தில் இருப்பதை அப்படியே எழுதுவது. வாசித்தவர் எரித்துவிடுவது.

நானே ஆரம்பிக்கிறேன். நான் பேசும்போது எதிரில் இருப்பவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. மிகவும் பிடிக்கிறது. இந்த எண்ணத்தை அனுப்பியது யார் என்று தெரியவில்லை.

தங்கள் அன்புத் தம்பி,
சந்தியாகு


மேட்டுத் தோட்டம், சாஆ,
7 மார்ச் 1920

தம்பி சந்தியாகுக்கு அக்காள் சவரியம்மாளின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. நம் அம்மாவிடம் அடி வாங்காமல் ஒரு உண்மையைச் சொல்லியிருப்பாயா நீ? ஆனால் மூன்றாவது தடவை வாசித்து முடித்ததும் பேனாவைத் தேடினேன். சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று என்னிடமும் இருக்கிறது.

இங்கே கருப்பாயி என்று ஒரு பெண். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். இருபத்திரண்டு வயசிருக்கும். போன வருஷக் காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். ஐயாசாமி கங்காணிதான் அவர்கள் இருவரையும் ஊரிலிருந்து அழைத்து வந்தவன். மாசி பிறந்ததும் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, கங்காணி என்னய அவரு வூட்டுக்கு வந்துரச் சொல்றாரு. கப்ப ஏத்திக் கொண்டாந்தது நானு, புருசன் செத்தா நான்தான் பொறுப்புங்குறாரு. அங்க ஏற்கெனவே ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. நான் போவ மாட்டேன்.”

“தொரைகிட்ட சொல்லேன்” என்றேன்.

“தொரைக்குக் கங்காணி வேணும். நான் எதுக்கு?”

அவள் சொன்னது சரி. அவளைப் பள்ளிக்கூடத்துப் பின்னறையில், உன் மச்சானுடைய பழைய மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை துரையே வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

“கருப்பாயி இங்கே வந்தானா?” என்றார். அவர் தமிழில் பெண்களெல்லாம் ஆண்கள்தான்.

“வரலைங்க துரை.”

“வேதத்து மேலே கை வைச்சு சொல்லு.”

வைத்தேன். சொன்னேன். பின்னறையில் அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துரைக்குக் கேட்காமலிருக்கப் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்தேன்.

மறுநாள் முஸ்தபா மரைக்காயர் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பும் வண்டியில், காலிச் சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்து அனுப்பினேன். அவளுடைய நீலச் சேலையை எல்லோருக்கும் தெரியும் என்பதால் என் சிவப்புக் கரைச் சேலையைக் கட்டிவிட்டேன். சிம்பாங் ரெங்கத்தில் மரைக்காயர் மனைவி மைமூன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அங்கே அடுப்படியில் வேலை. சோறு, துணி, பாதுகாப்பு. வண்டி புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதும்மா” என்றாள்.

இனி நான் கேட்க நினைத்தது. வேதத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னேன். அன்றிலிருந்து அழுகை வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். பசி எடுக்கிறது. உள்ளே தேடிப் பார்த்தால் சந்தோஷம்தான் உட்கார்ந்திருக்கிறது. கல்லாய்ப் போன இருதயம் என்று சொல்கிறார்களே, அது இதுதானா? உன் வனவாசிகள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து எழுது.

பிடிபட்டால், வேலையை விட்டு ஓடிய குற்றத்துக்கு அவளை ஜெயிலில் போடுவார்கள், அல்லது ஐயாசாமியிடமே விடுவார்கள். அவளைக் கேட்டால் ஜெயிலே மேல் என்பாள். ஆகையால் வாசித்ததும் எரித்துவிடு.

உன் அக்காள்,
சவரியம்மாள்


ஜொகூர் பாரு,
15 மார்ச் 1920

அன்புள்ள அக்காளுக்கு,

வாசித்தேன். எரித்துவிட்டேன். இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தங்களுடையது கல்லான இருதயம் இல்லை. ஆதித் துறவிகள் கல் என்று சொன்னது வேறு. பிறருடைய வலி எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி இறுகிப்போன இருதயத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரு பெண் வந்து கேட்டதும் உங்களுடையது திறந்துகொண்டது. பொய் பாவம்தான். சுவாமியார் வரும்போது அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தச் சந்தோஷத்தை யார் அனுப்பியது என்று கேட்டால், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காள், நான் புத்தகத்தில் தேடுவதைத் தாங்கள் ஒரு பள்ளிக்கூடப் பின்னறையில் செய்து முடித்துவிட்டீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரசங்கத்துக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. தம்போயிலிருந்து நடந்தே வருகிறார்கள். பாஸ்குத் திருநாளுக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார்களும் குடும்பத்தோடு வருவார்களாம். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்தான் கடைசி. அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. எனக்காக மன்றாடுங்கள்.

தங்கள் தம்பி,
சந்தியாகு


மேட்டுத் தோட்டம்,
18 ஏப்ரல் 1920

சந்தியாகு,

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கருப்பாயியைக் கொண்டுவந்தார்கள். மாட்டு வண்டியில், ஒரு பக்கம் போலீஸ்காரன், ஒரு பக்கம் ஐயாசாமி. என் சேலையைத்தான் கட்டியிருந்தாள். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. மைமூன் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றாளாம். அவளைத் தள்ளிவிட்டுத்தான் இவளை இழுத்திருக்கிறார்கள். மரைக்காயர் வண்டி இனிமேல் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று துரை உத்தரவு போட்டுவிட்டார்.

பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். வண்டியிலிருந்து அவளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“டீச்சரம்மா, ஒங்களத் தவிர நான் யார்ட்டயும் சொல்லலியே?”

நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் முழுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு துரை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மருந்துப் பெட்டிகளைக் காலால் தள்ளிப் பார்த்தார். வாய்ப்பாடு சொல்ல வைத்ததைக்கூட அவர் அறிந்திருக்கிறார், தம்பி. சிவப்புக் கரைச் சேலை, காலிச் சாக்கு, மைமூனின் அடுப்படி, எல்லாம் வரிசையாகச் சொன்னார். வாய்ப்பாடு விஷயத்தை நான் மைமூனிடம் சொல்லவில்லை. மரைக்காயரிடம் சொல்லவில்லை. கருப்பாயிக்கு அது ஏன் என்று தெரியாது. உன் ஒருவனுக்குத்தான் எழுதினேன்.

ஒரு வரியில் பதில் போதும். யாரிடம் சொன்னாய்?

சவரியம்மாள்


ஜொகூர் பாரு,
25 ஏப்ரல் 1920

என் அன்புக்குரிய அக்காளுக்கு,

தங்கள் கடிதம் கண்டு கண் கலங்கினேன். அந்த ஏழைப் பெண்ணுக்காக இன்று ஒரு பூசை ஒப்புக்கொடுக்கும்படி சுவாமியாரிடம் கேட்டிருக்கிறேன்.

தாங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் வாசலில் நிற்கும்போது காவல்காரன் கண்ணை மூடிவிடுகிறான் என்பார்கள். பதற்றமில்லாமல் கேளுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஓர் உதாரணம் சொன்னேன். உண்மைதான். ஆனால் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. “ஒரு விதவை, ஒரு சிறு பள்ளிக்கூடம், அடைக்கலம் தேடி வந்த ஒருத்தி” என்று மட்டுமே ஆரம்பித்தேன். ஆதித் துறவிகள் இருதயம் என்று சொன்னதை அதுவரை ஆறு வாரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். யாருக்கும் புரியவில்லை அக்காள். அவர்கள் முகத்தில் தெரிந்தது. இதைச் சொன்னதும் புரிந்தது. வாய்ப்பாட்டுச் சத்தத்தைச் சொன்னபோது கோவிலே அழுதது. முப்பது வருஷமாகக் கோவிலுக்கு வராதவர் ஒருவர் அன்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலில் நின்றார். இதெல்லாம் வீணா?

நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை. இருதயத்தைப் பற்றித்தான் பேசினேன்.

தோட்டங்களில் எத்தனையோ விதவைகள் இருக்கிறார்கள், எத்தனையோ பேர் ஓடிப்போகிறார்கள். யாரோ ஊகித்திருக்கலாம். அல்லது மரைக்காயரின் வண்டிக்காரன் சொல்லியிருக்கலாம். அந்தச் சனங்களைத் தாங்கள் எந்த அளவுக்கு அறிவீர்கள்? தீர விசாரிக்காமல் கூடப்பிறந்தவன் மேல் பழி வைக்க வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் தம்பி,
சந்தியாகு


மேட்டுத் தோட்டம்,
3 மே 1920

சந்தியாகு,

தீர விசாரித்தேன்.

எங்கள் கிராணி பிலவேந்திரன் பாஸ்குவுக்கு ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தார். நேற்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை அவர். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர் நினைக்கவில்லை.

“பிரசங்கத்தக் கேட்டா எந்தத் தோட்டம்னு எப்படிங்க தெரியும்? எனக்கு ஒரு சந்தேகந்தான். வெளிய வந்து காப்பி குடிக்கிறப்ப ஒங்க தம்பியத்தான் கேட்டேன். அவரே சொன்னாரு, எங்க அக்காதான்னு. ரொம்பப் பெருமையாச் சொன்னாருங்க.”

“அவ இருந்த எடம்?”

“அதுவும் அவருதான். அந்தப் பொண்ணு பத்திரமா இருக்காளான்னு கேட்டேன். சிம்பாங் ரெங்கத்துல மரைக்காயர் கடையில நல்லாவே இருக்கான்னாரு.”

“தொரைகிட்ட ஏன் சொன்னீங்க?”

“அவரு சோத்தத் தின்னுட்டு அவருகிட்ட மறைக்க முடியுங்களா, டீச்சரம்மா?”

கிராணி தன் எஜமானுக்கு உண்மையாக இருந்தார். உன்னிடம் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பாதிகூட அவரிடம் இல்லை. அவருக்கு நான் எதையும் எழுதவில்லை.

கருப்பாயியைக் கோர்ட்டுக்கு அனுப்பவில்லை. ஐயாசாமி துரையிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் வீட்டில்தான் இருக்கிறாள். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீ அதையும் ஒரு பிரசங்கமாக்கிவிடுவாய்.

பூசை வேண்டாம். நீ ஒன்று செய். இங்கே வா. காலையில் ஆள் எண்ணிப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில், எல்லோரும் நிற்கும்போது, கருப்பாயியின் முன்னால் நின்று, “காட்டிக்கொடுத்தது நான்தான், என் அக்காள் இல்லை” என்று சொல். என் பெயரைக் காப்பாற்ற இதைக் கேட்கவில்லை. தன்னை யார் விற்றது என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

சவரியம்மாள்


ஜொகூர் பாரு,
16 மே 1920

அக்காள்,

பத்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கிராணி சொன்னது உண்மை. கோவில் வராந்தாவில் எல்லோரும் என் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து, “யாருங்க அந்த அம்மா? இந்தக் காலத்துல இப்படி ஒருத்தங்களா?” என்றார். என் கூடப்பிறந்தவங்க என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. நானே அந்தப் பெண்ணை ஒளித்து வைத்தது போல இருந்தது. அடுத்த கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் சொன்னேன். அவர் போன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு உடனே எழுதியிருந்தால் அவளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். பதினோரு நாள் அவகாசம் இருந்தது. எழுதவில்லை.

மரைக்காயரின் வண்டிக்காரன் மேல் பழி போட்டேன். அந்த மனுஷன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. எரித்தேன் என்று எழுதிய அன்று அது என் மேசையில் திறந்திருந்தது. அதில் உள்ள வார்த்தைகளை அப்படியே எடுத்துத்தான் பிரசங்கம் எழுதினேன். அது இத்துடன் இருக்கிறது. இனி அது என்னிடம் இருக்கக் கூடாது.

பிரட்டுக் களத்துக்கு வருவதைப் பற்றிச் சுவாமியாரிடம் கேட்டேன். தோட்டத்துத் துரைகள் கோவிலைத் தோட்டத்துக்குள் விடாமல் செய்துவிடுவார்கள், பொறு என்றார். அவர் தடுத்தார் என்று மட்டும் எழுதிவிடலாம். ஆனால் அவர் பொறு என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. முந்நூறு பேர் முகத்துக்கு முன்னால் நிற்க எனக்குப் பயம். அந்த முகங்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

ஆகையால் கருப்பாயிக்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

சந்தியாகு


மேட்டுத் தோட்டம்,
6 ஜூன் 1920

சந்தியாகு,

உன் தாளை வாசித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் ஆனது அவளோடு பேச. ஐயாசாமி வீட்டு வாசலில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் ஸ்டோரில் பால் ஊற்ற வரிசையில் நின்றவளைப் பார்த்துப் பின்னாலேயே நடந்தேன். பக்கத்தில் அவளோடு பால் வெட்டுகிற அங்கம்மா இருந்தாள். என்னைக் கண்டதும் அங்கம்மா பேச்சை நிறுத்தினாள். இப்போதெல்லாம் அப்படித்தான். நான் போனால் பைப்படியில் பேச்சு நின்றுவிடுகிறது. எட்டுப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நடப்பதைப் பிள்ளைகள் என்னிடம் உளறிவிடும், நான் அதைத் துரைக்குச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

“கருப்பாயி, ஒரு காயிதம் வந்திருக்கு. கேக்குறியா?”

“வாசிங்க” என்றாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

வாசித்தேன். நீ நன்றாக எழுதியிருக்கிறாய். குற்றம் முழுவதையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாய். முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“இவரு யாரு?” என்றாள்.

“என் தம்பி.”

“இவர நான் பாத்ததே இல்லியே, டீச்சரம்மா. இவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லலியே. என்னத்துக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு?” அப்புறம், “இவருக்கு யாரு சொன்னது?” என்றாள்.

நான்தான் என்றேன்.

அவள் திட்டவில்லை. அங்கம்மாதான் தரையில் துப்பினாள். இருவரும் வரிசையோடு முன்னால் நகர்ந்துவிட்டார்கள்.

தம்பி, நான் வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் உட்கார்ந்து யோசித்தேன். நீ எனக்குச் செய்ததை நான் அறிவேன். அதை எந்தத் தண்ணீர் ஊற்றியும் கழுவ முடியாது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு உன்னைக் காட்டி நான் தப்பிக்க முடியாது. மார்ச் மாதம் உனக்கு எழுதியபோது என் இருதயத்தைத் திறக்கிறேன் என்றுதான் நினைத்தேன். என்னுடையது அதில் நாலு வரிதான் இருந்தது. தூங்குகிறேன், பசிக்கிறது, அழுகை வரவில்லை. மீதியெல்லாம் அவளுடையது. அதைத் திறக்க எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? ஒரே ஒரு வார்த்தை கேட்டாள் என்னிடம், வண்டி புறப்படும்போது. நான் என் ஆத்தும சுத்தத்துக்காக அதை மீறினேன். நீ உன் பிரசங்கத்துக்காக மீறினாய்.

உன் வனவாசிகள் வனாந்தரத்தில் இருந்தார்கள். அவர்கள் எண்ணத்தைச் சொன்னால் அவர்களுக்கு மட்டும்தான் நோகும். லயத்தில் அப்படி இல்லை. இங்கே ஒருத்தியின் எண்ணத்தைத் தொட்டால் நாலு பேர் அதில் மாட்டியிருக்கிறார்கள்.

கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாய். அடுப்பில் போட்டேன்.

சவரியம்மாள்


ஜொகூர் பாரு,
22 ஆகஸ்டு 1920

அக்காள்,

இரண்டு மாதமாகத் தங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எழுதுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

உபதேசியார் வேலையை விட்டுவிட்டேன். சுவாமியார் சொல்லி விடவில்லை, நானாக விட்டேன். அரிசிக் கிட்டங்கியில் மூட்டைக்கு அடையாளம் போடுகிற வேலை. அங்கே யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

நான் வருகிறேன் அக்காள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் மூன்று நாள் லீவு கிடைக்கும். லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்துவிடுகிறேன். பிரட்டுக் களத்தில் நின்று சொல்கிறேன். அவள் என்னைப் பார்த்ததில்லை என்றாள் அல்லவா, பார்க்கட்டும். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகாவது தாங்கள் என்னை மன்னிப்பீர்களா? எந்த நாள் வரலாம் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.

சந்தியாகு


மேட்டுத் தோட்டம்,
19 செப்டம்பர் 1920

தம்பி சந்தியாகுக்கு,

கார்டு வரவில்லை என்று காத்திருந்திருப்பாய். நீ வர வேண்டாம். நீ யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் இங்கே இல்லை.

போன மாதக் கடைசியில் ஒரு நாள், எல்லோரையும் போலக் காலையில் மரத்தில் பால் வெட்டினாள். மத்தியானம் ஸ்டோருக்கு வந்து பால் ஊற்றினாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கத்தியைத் துடைத்து வாளி மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்கள் இல்லை. பட்டப்பகல். முந்நூறு பேர் இருக்கிற தோட்டம். ஒருவரும் பார்க்கவில்லை.

ஐயாசாமி மூன்று நாள் ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கினான். அங்கம்மாவை அறைந்தான். அவள், “எனக்கு என்ன தெரியும்? ஒன் வூட்டுல இருந்தவள நீயில்ல பாத்துக்கணும்?” என்று திருப்பிக் கேட்டாளாம். சிம்பாங் ரெங்கத்துக்கும் ஆள் போய் வந்தது. மைமூன் கடையைத் திறந்து அடுப்படி, மச்சு எல்லாம் காட்டி, உட்கார வைத்துச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்கிறாள். அங்கே இல்லை.

அவள் எந்தத் திசையில் போனாள் என்று எனக்குத் தெரியாது. யார் உதவினார்கள் என்று தெரியாது. ஊகம்கூட இல்லை. ஊகிக்க ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்கிறேன். நீயும் என்னிடம் கேட்காதே.

மன்னிப்பாயா என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் சுவாமியார் வந்தார். வேதத்தின் மேல் பொய் சொன்னதைச் சொன்னேன், கருப்பாயிக்குச் செய்ததைச் சொன்னேன், உன் மேல் இருந்த பகையையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றார், மன்னிக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டேன். வாய் சொன்னதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் காலம் ஆகும். அவசரப்படுத்தாதே. அது நடந்தாலும் பழைய மாதிரி உனக்கு நான் எழுத மாட்டேன். யாராவது பிறந்தால், யாராவது இறந்தால், எனக்குச் சீக்கு என்றால் எழுதுவேன். நீயும் அதுபோல எழுது. நீ எனக்குத் தம்பிதான், அது மாறாது. உன்னிடம் பேசுவதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை.

நிறுத்திய எட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். காலையில் வருகிறார்கள், பாடம் படிக்கிறார்கள், வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

துரை என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். கிராணி பிலவேந்திரனும் ஐயாசாமியும் நின்றிருந்தார்கள். கருப்பாயி எங்கே என்று கேட்டார். தெரியாது துரை என்றேன். பொய் என்று மேசையைத் தட்டினார். பொய்தான் என்றார் கிராணி. ஐயாசாமி அடிக்காத குறையாக நின்றான். அரை மணி நேரம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே லயத்துப் பெண்கள் வேலைச் சீட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் நான் சொல்வதை நம்பினார்கள். எனக்கு யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அக்காள் சவரியம்மாள்